எழுத்தின் நிலைபேறு

'கடல்' என்று ஒருவர் சொல்ல, நாம் கேட்கிறோம். ககர மெய்யும் அதன்மேல் ஏறிய அகரமும், டகர மெய்யும் அதன் அகரமும், இறுதியில் லகர ஒற்றும் ஆகிய ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகவே பிறக்கின்றன. லகரம் செவியில் விழும் கணத்தில் ககரம் இல்லை, ககரம் ஒலித்த கணத்திலோ லகரம் பிறந்திருக்கவே இல்லை. இருப்பதும் இல்லாததும் கூடி ஒரு கூட்டமாதல் இயலாது. ஆயினும் கேட்டவன் மனத்தில் அலையும் உப்புக்காற்றும் அடிவானமும் உடைய ஒரு முழுப்பொருள் தோன்றிவிடுகிறது. இது எவ்வாறு நிகழ்கிறது? பதஞ்சலி முனிவர் தம் மகாபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே, பசுவைக் குறிக்கும் சொல்லை எடுத்துக்கொண்டு, இங்கே சொல்லாவது எது என்று கேட்கிறார். கண்முன் நிற்கும் உருவமா, அதன் அசைவா, நிறமா, எல்லாப் பசுக்களுக்கும் பொதுவான தன்மையா என்று ஒவ்வொன்றாக எடுத்து விலக்கிய பின், எது உச்சரிக்கப்பட்டதும் அலைதாடியும் வாலும் திமிலும் குளம்பும் கொம்பும் உடைய பிராணியைப் பற்றிய அறிவு எழுகிறதோ, அதுவே சொல் என்று முடிக்கிறார். சொல்லை அதன் பயனால் காட்டிவிட்டார். ஆனால் அழிந்துபோகும் ஒலிகளில் அந்தச் சொல் எங்கே தங்கியிருக்கிறது என்ற வினா, பின்வந்த ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம் நாட்டுத் தத்துவ சபைகளில் ஓயாமல் விவாதிக்கப்பட்டது.

அது இலக்கணிகளுக்கு மட்டும் உரிய விவாதமாக நின்றுவிடவில்லை. வேதம் ஒருவராலும் இயற்றப்படாதது, ஆதலின் குற்றமற்ற பிரமாணம் என்று கொள்ளும் மீமாம்சகர், வேதம் சொற்களால் ஆனது, சொற்கள் எழுத்துக்களால் ஆனவை, எழுத்துக்களோ ஒலித்த மாத்திரத்தில் அழிகின்றன என்பதை ஒப்புக்கொண்டால் அவர்தம் தரிசனத்தின் அடித்தளமே சரிந்துவிடும். ஆகவே ஜைமினி முனிவரின் சூத்திரங்களும் அவற்றுக்குச் சபரர் வகுத்த பாஷ்யமும் வர்ணங்கள் நித்தியமானவை என்று நிலைநாட்டப் புகுந்தன. வாயிலிருந்து எழும் த்வனி எழுத்தைப் பிறப்பிப்பதன்று, முன்னரே உள்ள எழுத்தைப் புலப்படுத்துவதே என்றன. அவர்கள் காட்டும் சான்றுகளில் தலையாயது நம் அன்றாட வழக்கே. ஒருவன் ஒரு சொல்லை எட்டு முறை உச்சரித்தால், அவன் அச்சொல்லை எட்டு முறை சொன்னான் என்கிறோமே அன்றி, எட்டுச் சொற்களைச் சொன்னான் என்று எவரும் கூறுவதில்லை. நேற்றுக் கேட்ட ககரமே இன்றும் கேட்கிறது என்று அறிகிறோம். 'அதுவே இது' என்னும் இந்தப் பிரத்யபிஜ்ஞை பொய்யாவதற்குக் காரணம் ஏதுமில்லை என்பது அவர்கள் வாதம். சொல் என்பது எழுத்துக்களே, அவற்றுக்குமேல் வேறொன்று இல்லை என்று உபவர்ஷர் கூறியதைச் சபரர் எடுத்தாள்கிறார். பிற்காலத்தில் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் சங்கரரும் எடுத்தாள்கிறார்.

நையாயிகர் இதற்கு இசையவில்லை. ஒலிக்குத் தொடக்கம் உண்டு. அது புலனால் அறியப்படுகிறது. செய்யப்பட்ட பொருள்களைப் போலவே வழங்கப்படுகிறது. ஆதலின் அது அநித்தியம் என்று கௌதமரின் சூத்திரம் காரணம் காட்டும். ஆகாயத்தின் குணமாகிய சப்தம், பிறந்த இடத்திலிருந்து அலையை அலை உந்தும் முறையிலோ, கடம்பின் பூவில் எல்லாத் திசைகளிலும் அரும்புகள் ஒருங்கே விரியும் முறையிலோ பரவிச் செவியை அடைகிறது என்று அவர்கள் கூறிய விளக்கத்தை இன்றைய பௌதிக நூலறிந்தவரும் மதிப்பர். 'அதுவே இது' என்ற உணர்வோ, ஒத்த தன்மையால் வந்த மயக்கமே அன்றி வேறில்லை என்பது அவர்கள் துணிபு.

இவ்விரு கட்சியாரும் ஒரு செய்தியில் ஒன்றுபட்டிருந்ததைக் கவனிக்க வேண்டும். எழுத்து என்பது செவிப்புலனுக்கு விஷயமாகும் ஒன்று என்பதை இருவருமே ஐயுறவில்லை. அதை ஐயுற்றவர், ஏறக்குறைய 5-ஆம் நூற்றாண்டில் வாக்யபதீயம் என்னும் மூன்று காண்டங்கள் கொண்ட நூலை அருளிய பர்த்ருஹரி. அவர் கருத்தில், எழுத்துக்களைக் கூட்டிச் சொல்லும், சொற்களைக் கூட்டி வாக்கியமும் அமைவதாக எண்ணுவது, கற்பிப்பதற்காக இலக்கணிகள் செய்துகொண்ட ஏற்பாடே. உண்மையில் இருப்பது பிளவுபடாத ஒரு பொருள்விளக்கம். அதற்கு ஸ்போடம் என்று பெயர். முதல் ஒலி மனத்தில் ஒரு வித்தை ஊன்றுகிறது. அடுத்தடுத்த ஒலிகள் அவ்வித்தைப் பக்குவப்படுத்துகின்றன. பக்குவம் அடைந்த புத்தியில் இறுதி ஒலியோடு சொல் முழுமையாக ஒளிர்கிறது. மாணாக்கன் ஒரு சுலோகத்தைத் திரும்பத் திரும்ப ஓதும்போது, எந்த ஓர் ஓதலில் அது மனப்பாடம் ஆயிற்று என்று பிரித்துக் காட்ட முடியாமலே அது அவன் வசமாகிவிடுகிறதன்றோ, அதனையே அவர் எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். குமாரில பட்டர் தம் சுலோகவார்த்திகத்தில் இக்கொள்கையைக் கடுமையாக மறுத்தார். மண்டன மிசிரர் ஸ்போடஸித்தி என்னும் தனி நூலே இயற்றி அதனைக் காத்தார். பர்த்ருஹரி இன்னும் ஒருபடி மேலே சென்று, உலகமாக விரிந்து நிற்கும் பரம்பொருளே சப்ததத்துவம் என்றார். இவ்விரண்டு கூற்றுக்களையும் ஒன்றாகப் பிணைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்பது என் எண்ணம், முதலாவது கூற்று, மொழியை ஆராய்பவன் தன் காதையும் நாவையும் கொண்டே சோதிக்கத்தக்கது, இரண்டாவது அவ்வாறானதன்று.

தமிழிலக்கணத்தார் இந்த வாதங்களுக்கு நேரே வராமல், வேறொரு வாயில் வழியாக இதே இடத்தை வந்தடைகின்றனர். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாவதாக நிற்பது பிறப்பியல். உந்தியிலிருந்து எழுந்த காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புக்களின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்று கூறிவிட்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய முயற்சியை அந்நூல் எவ்வளவு நுணுக்கமாக வகுக்கிறது என்பதை இன்றும் ஒருவர் தம் வாயிலேயே சோதித்துக்கொள்ளலாம். நாவின் நுனி மேல்நோக்கி அணர்ந்து அண்ணத்தை வருடினால் ரகரமும் ழகரமும் பிறக்கும் என்கிறது. நாவின் விளிம்பு தடித்துப் பல்லின் அடியைப் பொருந்த, அண்ணத்தை ஒற்றினால் லகரம், வருடினால் ளகரம் என்கிறது. ஒற்றுதலுக்கும் வருடுதலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை, எந்தக் கருவியின் துணையும் இன்றி, நாவின் உணர்வை மட்டுமே நம்பி ஒருவர் கண்டு எழுதிவைத்தார் என்பதை எண்ணும்தோறும் என் உள்ளம் வணங்குகிறது.

நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். ஆதலின், மொழிக்கு முதற்காரணமாகிய எழுத்தை அணுக்களின் திரட்சியால் ஆன ஒலி என்று அவர் இலக்கணம் வகுத்தபோது, சப்தம் ஆகாயத்தின் குணம் என்ற நியாய மதத்தையும், அது நித்தியம் என்ற மீமாம்சக மதத்தையும் ஒருங்கே விலக்கி, ஒலி புத்கலம் என்னும் ஜடப்பொருளின் விகாரமே என்ற ஆருகதக் கொள்கையை ஒரு சிறு தொடருக்குள் அடக்கிவிட்டார். அந்த நூலையே சைவ ஆதீனங்கள் போற்றிப் பாடஞ்சொல்லின. சங்கர நமச்சிவாயர் உரை வகுத்தார். சிவஞான முனிவர் அவ்வுரையைத் திருத்தி விருத்தியாக்கினார். சமயத்தில் எதிரெதிர் நின்றவர்கள் எழுத்தைக் கற்பதில் ஒரு நூலின்கீழ் அமர்ந்தார்கள். மாத்திரையை அளக்கும் கைந்நொடிக்கு உரைகளில் வழங்கும் பழைய கணக்கு ஒன்றும் இங்கே நினைக்கத்தக்கது. விரலை நொடிக்க எண்ணுவதே கால் மாத்திரை, விரலோடு விரலை ஊன்றுவது அரை, முறுக்குவது முக்கால், விடுப்பது ஒன்று. ஓசை கேட்பதற்கு முன்னரே முக்காற்பங்கு கழிந்துவிடுகிறது. அதில் முதற்பங்கு எண்ணத்துக்கு உரியது.

இனி, நாம் எழுதும் ககரத்தைச் சற்று அருகிருந்து பார்ப்போம். 'கண்' என்பதன் முதலில் அது வல்லோசையாக வெடிக்கிறது. 'பங்கு' என்பதில் ஙகரத்தை அடுத்து மெலிந்து, குரல்நாண்களின் அதிர்வோடு கூடி ஒலிக்கிறது. 'பகல்' என்பதில் நா அண்ணத்தை முற்றிலும் ஒற்றாமலே காற்று உரசிச் செல்கிறது. 'கீரை' என்னும்போது நா முன்னே ஒற்றுகிறது. 'கூரை' என்னும்போது பின்னே ஒற்றி, இதழும் முன்கூட்டியே குவிந்துவிடுகிறது. செவியை மட்டுமே கேட்டால் இவை ஐந்தும் ஐந்து ஒலிகள். தமிழ்க் குழந்தையோ இவற்றுக்கிடையே வேறுபாடு இருப்பதாகவே அறியாமல் எல்லாம் ஒரு ககரம் என்று கொள்கிறது. இந்தி பேசும் குழந்தை முதல் இரண்டையும் இரண்டு எழுத்தாகவே கேட்கும். இவ்வொலிகள் இடத்திற்கேற்ப ஒன்றுக்கொன்று மாறி வருவதை 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் ஒரு விதியாகவே எடுத்துரைத்தார். ஆனால் அவ்விதி முன்னரே நம் நெடுங்கணக்கில் அமைந்து கிடந்தது: ஐந்து ஒலிகளுக்கு ஒரே எழுத்தை வகுத்தவர்கள், கேட்பதை எழுதவில்லை, பொருளை வேறுபடுத்துவதை எழுதினார்கள்.

அவர்கள் இதனை அறிந்தே செய்தார்கள் என்பதற்குத் தொல்காப்பியத்தின் மொழிமரபில் ஒரு சூத்திரம் சான்று. 'நுந்தை' என்னும் முறைப்பெயரின் முதலில் நிற்கும் உகரம் குறுகி ஒலிக்கும் என்று கூறிய தொல்காப்பியர், அதனை முற்றியலுகரமாக ஒலித்தாலும் அங்கே பொருள் வேறுபடாது என்று அடுத்துச் சொல்கிறார். அங்கே வேறுபடாது என்று எடுத்துச் சொன்னமையால், வேறிடங்களில் வேறுபடும் என்பது பெறப்படும் என்று கொண்ட உரையாசிரியர்கள், 'கட்டு' முதலிய சொற்களைக் காட்டுவர். உகரம் குறுகினால் அது பெயர், குறுகாது நின்றால் ஏவல். ஒலியை மாற்றிப் பார், பொருள் மாறுகிறதா என்று பார் என்னும் இந்தச் சோதனையே, 1939-இல் வெளிவந்த துருபேட்ஸ்காயின் ஒலியனியல் நூலில் முதல் விதியாக நிற்கிறது: ஒரே சூழலில் வரும் இரண்டு ஒலிகளை ஒன்றற்கொன்று மாற்றியும் சொற்பொருள் மாறாவிடில், அவை ஓர் ஒலியனின் விகற்பங்கள். தமிழிலக்கணக் கொள்கைகளின் வரலாற்றை ஆராய்ந்து, மகாபாஷ்யத்துக்கும் விரிவுரை எழுதிய பி. சா. சுப்பிரமணிய சாஸ்திரியாரைப் போன்ற இருமொழிப் புலவர்கள் காட்டிய வழியில் இவ்வாராய்ச்சி இன்னும் எவ்வளவோ செல்ல வேண்டியிருக்கிறது.

பாணினி முனிவரும் இந்த உண்மையை வேறொரு விதத்தில் தெரிவித்திருக்கிறார். வடமொழியில் குற்றகரம் வாயைச் சற்று மூடியும் நெட்டகரம் வாயை நன்கு திறந்தும் ஒலிக்கப்படுவன. அவ்வாறு கொண்டால் இரண்டும் ஓரினமாகா. ஓரினமாகாவிடில் சந்தி விதிகள் பல நடவா. ஆகவே ஏறக்குறைய 4000 சூத்திரங்களிலும் குற்றகரத்தைத் திறந்த ஒலியாகவே பாவித்துச் சென்று, நூலை முடிக்கும் சூத்திரத்தில் அகரத்தை இருமுறை மட்டும் கூறி, இதுகாறும் திறந்ததாகக் கொண்ட அகரம் இனி மூடிய அகரமே என்று அமைத்துவிட்டார். இலக்கணத்தின் அகரம் ஒன்று. வாயின் அகரம் ஒன்று. இவ்விரண்டையும் இணைக்க ஒரு சூத்திரம் வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் இக்கருத்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கஸான் நகரில் போதுவேன் தெ குர்த்தனே என்பவரிடம் உருப்பெற்றது. ஜெனீவாவில் ஸம்ஸ்கிருதமும் கற்பித்துவந்த ஸொசூர், மொழியில் உள்ளவை வேறுபாடுகளே என்று தம் மாணாக்கருக்கு எடுத்துரைத்தார். அவர் மறைந்து மூன்றாண்டு கழித்து, 1916-இல், மாணாக்கர் குறிப்புக்களைக் கொண்டு அவ்வுரைகள் நூலாயின. அமெரிக்காவில் எட்வர்டு ஸபீர் 1933-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் கூறும் நிகழ்ச்சி என்னை வெகுவாகச் சிந்திக்கச் செய்தது. ஸார்ஸி என்னும் பழங்குடி மொழியைப் பேசும் ஒருவர், ஒரே விதமாக ஒலிக்கும் இரண்டு சொற்கள் வேறு வேறு என்றும், அவற்றுள் ஒன்று தகரத்தை ஒத்த ஒலியில் முடிகிறது என்றும் உறுதியாகக் கூறினார். ஸபீரின் பழுத்த காதுக்கு அங்கே எந்த ஒலியும் கேட்கவில்லை. பின்னர் ஆராய்ந்தபோது, அச்சொல்லோடு விகுதி சேரும்போது அந்தத் தகரம் வெளிப்படுவது தெரிந்தது. அந்த ஸார்ஸி மொழியினர் செவியில் இல்லாததை அறிவில் கேட்டார். 1940-களில் பெல் ஆய்வுக்கூடத்தார், பேச்சொலியைப் படமாக வரைந்து காட்டும் கருவியை அமைத்தபின், எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே எல்லைக்கோடுகள் அப்படங்களில் தெளிவாகத் தெரியும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவை கிடைக்கவில்லை. ஓர் ஒலியின் சாயல் அடுத்த ஒலிக்குள் ஓடிக் கலந்தே நின்றது.

அங்ஙனமாயின் வெற்றி எவருடையது? ஒலி அழிய எழுத்து நிற்கிறது என்ற அளவில் மீமாம்சகர் கூற்று மெய்யாகிறது. நாம் 'அதுவே இது' என்று அறிவது வெறும் ஒப்புமை மயக்கமாக இருக்க இயலாது. ஏனெனில் ஒவ்வாத ஒலிகளையும் ஒரே எழுத்தென அறிகிறோம், ஒத்த ஒலிகளை ஒரு மொழியினர் ஒன்றாகவும் மற்றொரு மொழியினர் இரண்டாகவும் அறிகின்றனர். ஆனால் அவ்வாறு நிற்கும் எழுத்து நித்தியம் என்பதை ஆராய்ச்சி ஒப்பவில்லை. ழகரம் தென்பாண்டிப் பேச்சில் ளகரத்தோடு கலந்துவிட்டது. சென்னைப் பேச்சில் யகரமாகவும் ஒலித்தது. ரகரத்துக்கும் றகரத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு நம்மில் பெரும்பாலோர் நாவிலிருந்து போய்விட்டது; கற்றவர் நினைவில் மட்டும் நிற்கிறது. எழுத்துக்கள் பிறக்கின்றன, ஒன்றோடொன்று கலக்கின்றன, இறக்கின்றன. என்னளவில் நான் துணிவது இது: எழுத்து காற்றில் இல்லை, காலத்தைக் கடந்த ஓர் உலகிலும் இல்லை, ஒரு மொழியைப் பேசுவோர் அனைவர் அறிவிலும் ஒருங்கே நிலைபெற்ற வேறுபாடாக அது இருக்கிறது, அவர்கள் உள்ளவரை நிற்கிறது.

இவ்வாறு கூறின் மந்திரம் என்னாகும் என்று பக்தியுடையார் ஒருவர் கேட்பது நியாயமே. சைவசித்தாந்தம் இங்கே எடுத்துக்கொள்ளும் நிலை மிக ஆழ்ந்தது. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்னும் நான்கு வாக்குக்களையும் அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரில் விளக்குகிறார். மயில்முட்டையின் நீரில் ஐவண்ணமும் பிரிவின்றி அடங்கி இருத்தல்போல எழுத்துக்கள் பிரியாது அடங்கிய நிலை பைசந்தி என்னும் உவமை பர்த்ருஹரியின் மரபுக்கும் சைவர்க்கும் பொதுவானது. ஆயினும் பர்த்ருஹரியைப் பின்பற்றிச் சப்தமே பிரமம் என்பாரைப் பரபக்கத்தில் மறுத்து, வாக்கு எவ்வளவு நுண்ணியதாயினும் சுத்தமாயையின் காரியமே, ஜடமே, உயிருக்கு அறிவை விளக்கும் கருவியே என்று அந்நூல் நிறுத்திவிடுகிறது. எழுத்தை வணக்கத்துக்குரியதாகவும் வைத்து, அதுவே கடவுள் என்று சொல்லாமலும் விட்ட இந்நிலையில், எழுத்தை ஆராய்பவன் அஞ்சவேண்டிய காரணம் ஒன்றும் இல்லை.

மந்திரத்தில் ஒலி பிசகினால் என்னாகும் என்பதற்குத் துவஷ்டாவின் கதையை இவ்விடத்தில் கருதலாம். மகனைக் கொன்ற இந்திரனைப் பழிவாங்க, இந்திரனைக் கொல்பவன் ஒருவன் வளர்க என்று வேள்வி செய்தான், தொகைச் சொல்லின் இறுதியில் உயர வேண்டிய ஸ்வரத்தை முதலில் உயர்த்திவிட்டான், இந்திரனைக் கொல்பவன் என்ற பொருள் மாறி, இந்திரனால் கொல்லப்படுபவன் என்றாயிற்று, அவ்வேள்வியில் தோன்றிய விருத்திரன் மாண்டான். இலக்கணம் கற்பதன் பயனைக் கூறுமிடத்தில் பதஞ்சலி இக்கதையைச் சுட்டுகிறார். அவ்வேதமொழியில் ஸ்வரம் பொருளை வேறுபடுத்தியது. ஆதலின் அது எழுத்தைப் போன்ற மதிப்புடையது. அதில் நேர்ந்த பிழை பொருளையே புரட்டியது. ககரத்தை வெடித்துச் சொல்வதும் உரசிச் சொல்வதும் தமிழில் அவ்வாறு புரட்டுவதில்லை. எனவே பாமரன் ஒருவன் தன் ஊர்ப்பேச்சின் சாயலோடு இறைவன் திருநாமத்தைச் சொன்னால், வேறுபாடு நிற்குமளவும் அவன் சொன்னது அந்நாமமே என்று மொழிநூல் தயக்கமின்றிக் கூறும். பொருள் மாறாவிடினும் ஒலி பிசகினால் அதிருஷ்ட பலன் குன்றும் என்று வைதிகர் கூறுவராயின், அதற்கு விடை சொல்லும் அதிகாரம் மொழிநூலுக்கு இல்லை. தொல்காப்பியர் பிறப்பியலின் இறுதியில் இவ்வெல்லையைத் தாமே வரைந்திருக்கிறார்: உந்தியிலிருந்து எழுந்த காற்று அகத்தே திரியும் அளவு அந்தணர் மறையில் உள்ளது என்றும், அதனை ஈண்டுக் கூறாது, புறத்தே போந்து இசைத்துப் பொருளைப் புலப்படுத்தும் ஒலியின் அளவையே கூறினேன் என்றும் சொல்கிறார். மறை கூறுவதை அவர் மறுக்கவுமில்லை, தம் நூலுக்குள் இழுத்துக்கொள்ளவுமில்லை. அடுத்ததாகப் புணரியலைத் தொடங்கி, 33 எழுத்துக்களுள் மொழிக்கு முதலாவன 22, ஈறாவன 24 என்னும் கணக்கிற்குப் போய்விடுகிறார்.